மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த தோல்

யாழினி, கதிர், பள்ளிக்கூடத்தில் "அப்பா எங்கே?" என்று கேட்டவர்களிடம் "கேரளாவுக்குச் சோலியாகப் போயிருக்கிறார்" என்று நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னாள். அது பொய் இல்லை. பதினாறு நாள் அங்கே எனக்கு ஒரே சோலிதான், படுத்துக்கொண்டு தோல் ஆறுகிறதா என்று பார்ப்பது. நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொண்டு வாசிக்கட்டும்.

கதிருக்கு என் பழைய உடம்பு நன்றாக நினைவிருக்காது. பன்னிரண்டு வருஷம் சிலமலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டினேன். உட்கார்ந்தே வேலை, கண்ட நேரத்தில் பரோட்டா. நூற்று இருபத்தெட்டு கிலோ. ஒருநாள் போடிமெட்டு வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அது என் வயிற்றில் மாட்டிக்கொண்டு சுற்ற மறுத்தது. பின்னால் பதினான்கு பெண்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவும் நானும் மேலே ஒன்றரை ஏக்கர் ஏலக்காடு குத்தகைக்கு எடுத்தோம். ஏறி இறங்கி, சோற்றைக் குறைத்து, இரண்டு வருஷத்தில் எழுபத்தொன்பது கிலோவுக்கு வந்தேன். உடம்பு போய்விட்டது, தோல் போகவில்லை. அடிவயிற்றில் காலி சாக்கு மாதிரி மடிந்து தொடை வரைக்கும் தொங்கியது.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பது இல்லை. செடியின் தூரில் சரம் விட்டு, மண்ணோடு மண்ணாகக் கிடந்து காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்தால்தான் எடுக்க முடியும். நான் உட்கார்ந்தால் தோல் மடிப்பு தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். வேர்வையில் வெந்து புண்ணாகும். வேட்டியில் ரத்தம் பார்த்துவிட்டு அம்மாதான் சொன்னாள். "இப்படியே இருந்தா குத்தகையை விட்டுட்டு நீங்க திரும்ப ஜீப்புல ஏற வேண்டியதுதேன்." ஜீப்பில் ஏறினால் உடம்பும் ஏறும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மார்கழிக் காய் எடுப்புக்குள் நான் செடிக்கு அடியில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் தோலை அறுத்து எடுக்கப் போனேன்.

அம்மா காட்டை விட்டு வர முடியாது. கூட இருந்து பார்த்துக்கொள்ள என் அக்கா, உங்கள் பேச்சியம்மாள் அத்தை வந்தாள். போடிமெட்டைத் தாண்டி அவள் போனதே இல்லை. கையில் ஒரு சின்னக் குண்டான், சுக்கு, பூண்டு, மிளகு, நாலு கிலோ அரிசி, தனியாக ஒரு ஈயச்சட்டி. ரசத்துக்கு அது இல்லாமல் ஆகாதாம். பஸ்ஸில் மூட்டையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர், "என்ன ஆத்தா, கேரளாவுல கல்யாணச் சமையலா?" என்றார். "ஒனக்குக் கல்யாணம்னா சொல்லு, வந்து வடிச்சுப் போடுறேன்" என்றாள் அத்தை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பஸ்ஸே சிரித்தது.

வளைவுகளில் நான் பயணியாக உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. டிரைவர் கியரை மாற்றும்போதெல்லாம் என் கால் தானாகக் கிளட்ச்சை மிதித்தது. முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது மழை. ஒரு பெரிய மரம் ரோட்டில் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் நின்றோம். ஆண்கள் இறங்கிக் கிளைகளை இழுத்துப் போட்டார்கள். நானும் போனேன். குனிந்து இழுத்ததும் சட்டை மேலேறி மடிப்பு வெளியே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தவர் தேயிலைத் தோட்டத்து ஆள், தமிழர்தான். பார்த்துவிட்டு மெதுவாக, "அண்ணே, கேன்சரா?" என்று கேட்டார். கழுத்திலும் தோல் தொங்குவதால் பாதிப் பேர் என்னிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். "இல்லப்பா, முன்னாடி குண்டா இருந்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை. கிளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க போய் உக்காருங்கண்ணே" என்றார்.

பிறகு பஸ் நின்ற டீக்கடையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரிப்பது. நான் பாலும் சர்க்கரையும் போடாத கட்டஞ்சாயா மட்டும் குடித்தேன். அத்தை, "பஜ்ஜிக்குள்ள பழத்தை வச்சிருக்கான், கூறுகெட்டவன்" என்று திட்டிக்கொண்டே மூன்று தின்றாள்.

எறணாகுளத்துப் பக்கத்து ஆஸ்பத்திரி அது. ஒரு அறைக்கு இரண்டு கட்டில். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க ஊரே வந்து கட்டிலில் உட்காரும். அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு. அத்தை அந்த அட்டையைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் மாட்டியிருந்தாள் என்று நினைக்கிறேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டோம். ரோஸ் நிறத்தில் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தை டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏப்பா, புண்ணு கழுவுன தண்ணியைக் குடுத்துட்டாக." அங்கே ஒரு மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். அந்த நிறம் அதனால் வருவது. வீட்டிலும் ஹோட்டலிலும் அதுதான் தண்ணீர். அத்தை மூன்றாம் நாள் வரை குழாய்த் தண்ணீரைத் தானே காய்ச்சிக் குடித்தாள்.

அடுத்த கட்டிலில் வர்கீஸ் சேட்டன். சேட்டன் என்றால் அங்கே அண்ணன். ரப்பர் பால் வெட்டுகிறவர். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கிற புகைவீட்டில் தீப்பிடித்து இடது கால் வெந்துவிட்டது. வேறு இடத்துத் தோலை எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "தெய்வத்தின் கணக்கைப் பாரு! எனக்குத் தோல் போதவில்லை என்று தொடையைச் சுரண்டினார்கள். இங்கே ஒரு அண்ணாச்சி நாலு பேருக்கு ஆகிற தோலைக் குப்பையில் போட வந்திருக்கிறான்." நான் அதை நிஜமாகவே டாக்டரிடம் கேட்டேன். ஒருத்தர் தோல் இன்னொருத்தர் உடம்பில் நிலைத்து ஒட்டாதாம், சில நாளில் உடம்பே தள்ளிவிடுமாம். அவரவர் தோல்தான் அவரவருக்கு.

டாக்டர் ஒரு அம்மா. மதுரையில் படித்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். மறுநாள் காலையில் என்னை நிற்க வைத்து, பேனாவால் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கோடு போட்டார். படுத்தால் தோல் சரிந்துவிடுமாம், நின்றால்தான் கணக்குச் சரியாக வருமாம். தையற்காரர் பேண்ட்டுக்கு அளவெடுப்பது போலத்தான் இருந்தது. பிறகு ஊசி போட்டார்கள். பத்து எண்ணச் சொன்னார்கள். நான் நாலு வரைக்கும்தான் எண்ணினேன்.

கதிர் கேட்டதற்குப் பதில், எடுத்த தோல் நாலு கிலோ இருநூறு கிராம். அதை ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடுவார்கள். யாழினி கேட்டதற்குப் பதில், தொப்புளை வெட்டி எறியவில்லை. அது இருந்த இடத்திலேயே நிற்க, சுற்றியுள்ள தோலை மட்டும் கீழே இழுத்து, புதுசாக ஓட்டை போட்டு அதை வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள்.

விழித்தபோது கால் முட்டி இரண்டும் மடங்கியபடி படுத்திருந்தேன். இரண்டு பக்கமும் நீர் வடியக் குழாய், நுனியில் பிளாஸ்டிக் குடுவை. இடுப்பில் அகலமான பெல்ட். மறுநாளே நடக்க வைத்தார்கள், ஆனால் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் தையல் இழுக்கும். குனிந்தே நடந்தேன். வராண்டாவில் எதிரே வந்த ஒரு பாட்டியம்மாவும் என்னை மாதிரியே குனிந்து வந்தார். இரண்டு பேரும் ஒருவர் கால் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டு விலகிப் போனோம்.

இனி எழுதப்போவது நான் செய்த தப்பு.

அங்கே மூன்று வேளையும் சாப்பாடு ஆஸ்பத்திரியே தருகிறது. குண்டு அரிசிச் சோறு, மோர்க்கறி, குடம்புளி போட்ட மீன் குழம்பு. எனக்கென்று டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்து, வேளைக்கு இரண்டு அவித்த முட்டை. முதல் தட்டு வந்ததுமே அத்தை அதைத் துணியால் மூடினாள்.

"தையல் போட்ட ஒடம்புக்கு முட்டையா? மீனா? சீழ் பிடிச்சுப் போகும். இவுகளுக்கு அறுக்கத்தேன் தெரியும், ஆத்தத் தெரியாது."

நம் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த பத்தியம். தையல் போட்டால் முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் எதுவும் ஆகாது. கதிர் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கும் அதேதான், நாற்பது நாள் பூண்டு ரசமும் சோறும். அத்தை வராண்டாக் கோடியில் கூட இருப்பவர்கள் சமைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து ஈயச்சட்டியில் ரசம் வைத்தாள். எனக்கு நாலு பிடி சோறும் ரசமும். முட்டையும் மீனும் வர்கீஸ் சேட்டனுக்கு.

நர்ஸ் வந்து காலித் தட்டைப் பார்ப்பார். "முட்டை கழிச்சோ?" என்று கேட்பார். மலையாளத்தில் கழிச்சோ என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். அவர் எழுதிக்கொண்டு போவார். வர்கீஸ் சேட்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மென்றுகொண்டிருப்பார். "சேச்சி கையால் வருகிற முட்டைக்குத் தனி ருசி" என்று அத்தையைப் புகழ்வார். அவர் கால் கிடுகிடுவென்று ஆறியது. டாக்டரே பார்த்து ஆச்சரியப்பட்டார்.

அறுத்த ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். தொப்புளுக்குக் கீழே, நடுவில், இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டு வாய் பிளந்திருந்தது. ஓரம் கறுத்திருந்தது. டாக்டர் கையுறையோடு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தையல் இன்னும் விட்டுக்கிட்டே போனா ஆற எத்தனை நாளாகும்?" என்று கேட்டேன்.

"நாள் இல்லை, மாசம்" என்றார். "சர்க்கரை சரியாத்தான் இருக்கு. சீழும் இல்லை. ரத்தத்துல புரதம்தான் குறைவா இருக்கு. ஒரு நாளைக்கு ஆறு முட்டை சாப்பிடுற ஆளுக்கு எப்படிக் குறையும்?"

அறையில் நாங்கள் நாலு பேர். வர்கீஸ் சேட்டன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார். அத்தை அட்டையின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். மார்கழி எடுப்பு என் கண்முன்னே வந்தது. ஒத்தையாக அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வதும் வந்தது.

"நான் ஒரு முட்டைகூடத் தின்னலை டாக்டர்" என்றேன்.

உடனே அத்தை முன்னால் வந்தாள். "அவனை வையாதீக. நாந்தேன் குடுக்கலை. எங்க பக்கம் ஆகாதும்பாக."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. "உங்க தம்பி காட்டுல காய் எடுக்கிற பொம்பளைங்களைச் சோறு இல்லாம மலை ஏத்துவாங்களாம்மா?"

"அது எப்படி? பட்டினியா வேலை வாங்குனா ஆகுமா?"

"தைக்கிறது என் வேலை. ஒட்டுறது இந்த ஒடம்போட வேலை. ராத்திரி பகலா வேலை பாக்குது. அதை நீங்க பட்டினி போட்டுட்டீங்க."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பழி முழுவதும் அவள் மேல் போயிருக்கும். ஆனால் அது நியாயம் இல்லை.

"அக்கா குடுத்திருந்தாலும் நான் தின்னுருக்க மாட்டேன்" என்றேன். "சோத்தைப் பாத்தாலே பயமா இருக்கு. ஒரு முட்டை கூடுதலாத் தின்னா பழைய ஒடம்பு வந்துரும்னு தோணுது. அக்கா வேணாம்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு."

பிள்ளைகளா, இதை உங்கள் அம்மாவிடம்கூட அதுவரை நான் சொன்னதில்லை. வீட்டில் நான் "பசிக்கலை" என்று எழுந்துபோன நாட்களில் பாதி பொய்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அட கிறுக்குப் பயலே. பயம்னா எங்கிட்டச் சொல்ல மாட்டியா? நான் ஒனக்கு ஆகாதுன்னு ஒதுக்குனேன். நீ ஒளிஞ்சுக்கிட்டயா எம் முந்தானைக்குள்ள?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு தின்றால் காயம் ஆறும், எவ்வளவு தின்றால் எடை கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. நான் பயந்த அளவுக்கு அது குறுகலான பாதை இல்லை. தினமும் எடை பார்க்கலாம் என்றார். அந்தத் தாள் இப்போதும் நம் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

அன்று மத்தியானம் மீன் வந்தது, மத்தி. அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "தின்னு." தின்றேன். "முட்டை." அதையும் தின்றேன். அடுத்த கட்டிலிலிருந்து வர்கீஸ் சேட்டன் எட்டிப் பார்த்தார்.

"சேச்சி, அப்ப எனக்கு?"

"ஒன் தட்டுல உள்ளதைத் தின்னு. ஏழு நாளா எந்தம்பி ஒடம்பையுந்தேன் தின்னுட்டயே!"

அவருக்கு வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்தது. மறுநாள் அவர் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டும் கடலையும் முதலில் என் தட்டுக்குத்தான் வந்தது. அத்தை ஒரு விஷயத்தில் மட்டும் கடைசி வரை இறங்கி வரவில்லை. கத்தரிக்காய் கூடாது என்றாள். டாக்டரிடமே நேரில் வாதாடினாள். "அது இல்லாட்டிப் பரவாயில்லைம்மா, விட்டுக் குடுக்கிறேன்" என்றார் டாக்டர். அத்தைக்கு மரியாதை காப்பாற்றப்பட்ட திருப்தி.

தினமும் காலையில் எடை பார்த்தேன். முதல் மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறி, அப்புறம்தான் கீழே பார்த்தேன். முள் ஏறவில்லை. நாலாம் நாள் அத்தை எனக்கு முன்னால் மிஷினில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "எனக்குத்தேன் ஏறியிருக்கு, அந்தப் பழ பஜ்ஜி" என்றாள். பிளந்த இடம் அடியிலிருந்து சிவப்பாக, சின்னச் சின்னப் பரு மாதிரி சதை வைத்து மேலே வந்தது. நர்ஸ் கைக்கண்ணாடியைப் பிடித்து எனக்குக் காட்டினார்.

பதினாறாம் நாள் கிளம்பினோம். டாக்டர் சொன்னது இரண்டு. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது. காயம் முழுசாக மூடினது தெரிந்த பிறகு, திரும்ப வந்து காட்டிவிட்டுத்தான் குத்தவைக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் அத்தை என் வயிற்றுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள், முன்சீட்டில் மோதிவிடாமல். போடிமெட்டு உச்சியில் குளிர்காற்று அடித்தது. கீழே நம் ஊர் வெயிலில் கிடந்தது. அங்கே பதினாறு நாளும் மழை, இங்கே புழுதி. ஒரே மலைக்கு இரண்டு பக்கம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினாள். கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை அங்கே போய்க் காட்டிவிட்டு வந்தேன். "உட்காரலாம்" என்றார் டாக்டர்.

ஆனால் காட்டில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. மார்கழி எடுப்பின் முதல் நாள், நானும் ஜீப்பில் பெண்களோடு பின்னால் உட்கார்ந்து போனேன். செடிகளில் பனி சொட்டியது. எல்லாரும் ஆளுக்கொரு வரிசை பிடித்தார்கள். அம்மா பக்கத்து வரிசை. நான் செடி முன்னால் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தேன். தொடை வயிற்றைத் தொட்டது. நடுவில் எதுவும் சிக்கவில்லை. தழும்பு கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். சரத்தைத் தூக்கி, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளினேன். ஒரு தூர் முடிந்ததும் கையை ஊன்றாமல் எழுந்தேன்.

அம்மா திரும்பிப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"என்ன, கோயில் கொடிமரமா? அடுத்த தூருக்கு நகருங்க. அங்க காய் பழுத்து வெடிச்சுக் கெடக்கு."

மேல் வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நகர்ந்தேன்.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டது. கீழே கால் வைக்க முடியவில்லை. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வயித்துலயா வலிக்குது? தொடையிலதானே? மொத நாளு காய் எடுத்தா எல்லாருக்கும் அங்கதேன் வலிக்கும். நாளைக்கு இதைவிட வலிக்கும். வாங்க."